பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறீர்களா? சிட்னியில் பில்டரைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு சிட்னியில் பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கமெல்லாம் நம்மவர்கள் பலர் பழைய ஃபைப்ரோ (சிமென்ட் தகட்டுச் சுவர்) வீடுகளில்தான் குடியேறினார்கள். நாங்களும் அப்படித்தான். பிள்ளைகள் வளர்ந்தார்கள், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்க ஆரம்பித்தார்கள், வீடு போதவில்லை. பள்ளிக்கூடம், ஸ்டேஷன், கோயில் எல்லாம் பக்கத்தில் இருக்கும்போது இடத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. அதே மனையில் இடித்துக் கட்டினோம். பால் காய்ச்சிய நாளிலிருந்து தெரிந்தவர்கள் வந்து கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கானது. மெல்பர்னிலும் பிரிஸ்பேனிலும் விதிகள் வேறு.

புதிதாக மனை பிரித்த எஸ்டேட்டில் என் தம்பிக்கு நன்றாகக் கட்டிக்கொடுத்த பில்டர் இருக்கிறார். அவரிடமே கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அவர் பழைய சபர்பில் இடித்துக் கட்டியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் மற்ற எல்லாக் கேள்விக்கும் முந்தியது.

மார்ஸ்டன் பார்க் போன்ற புது எஸ்டேட்டில் மனை கைக்கு வரும்போதே நிலம் மட்டப்படுத்தப்பட்டிருக்கும். கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்பதற்குப் புது வரைபடம் இருக்கும். லாரி வந்து நிற்கத் தடையில்லை. அறுபது எழுபது வருடமாக ஒரு வீடு நின்ற மனை வேறு மாதிரி. நகரின் குடிநீர், கழிவுநீரைக் கவனிக்கும் சிட்னி வாட்டரின் கழிவுநீர்க் குழாய் உங்கள் பேக்யார்டின் குறுக்கே போகலாம். புது வீடு அதன்மேல் அல்லது அதை ஒட்டி வந்தால் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டியிருக்கும், அல்லது அஸ்திவாரத் தூண்களைக் குழாயின் ஆழத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். தெரு மின்கம்பி தாழ்வாகப் போகலாம். பக்கத்து வீட்டுச் சுவர் எல்லையை ஒட்டி நிற்கலாம்.

அப்புறம் மண். மேற்கு சிட்னியில் பெரும்பாலும் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். எவ்வளவு அசையும் என்பதை வைத்துப் பொறியாளர்கள் மண்ணை வகைப்படுத்துவார்கள்: 20 முதல் 40 மில்லிமீட்டர் அசைந்தால் 'எம்', 40 முதல் 60 என்றால் 'எச்1', 60 முதல் 75 என்றால் 'எச்2'. பெரிய மரம் பிடுங்கிய இடம், பழைய நீச்சல்குளத்தை மூடிய இடம், மண் கொட்டி நிரப்பிய இடம் 'பி' வகைக்குள் போய்விடலாம். அப்போது அந்த மனைக்கென்றே பொறியாளர் தனியாக அஸ்திவாரம் வடிவமைக்க வேண்டும். வகை ஏற ஏற ஸ்லாப் என்ற அடித்தளக் கான்கிரீட் தளத்தில் கம்பியும் கான்கிரீட்டும் ஏறும், செலவும் ஏறும்.

புது எஸ்டேட்டிலேயே கட்டிப் பழகியவர் இதையெல்லாம் விலையில் குறைத்துப் போட்டுவிடுவார். பிறகு ஒவ்வொன்றாகப் பில் வரும். அதனால், "எங்கள் பக்கத்தில் நீங்கள் கடைசியாக இடித்துக் கட்டிய மூன்று வீடுகளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் போய், முதலில் சொன்ன விலைக்கும் கடைசியில் கொடுத்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம், எதனால் வந்தது என்று மட்டும் விசாரியுங்கள். மனம் விட்டுச் சொல்வார்கள். எங்களுக்கு அப்படி ஒரு அக்கா அரை மணி நேரம் வாசலில் நின்று சொன்னது, பில்டர்கள் மாதிரிக்குக் கட்டி வைத்து நாங்கள் போய்ப் பார்த்த எல்லா டிஸ்ப்ளே வீடுகளையும்விடப் பயனாக இருந்தது.

பில்டரைப் பார்க்கப் போகும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்?

கவுன்சிலிடம் (உள்ளாட்சி மன்றம்) 10.7 பிளானிங் சர்டிஃபிகேட் வாங்குங்கள். மனை வெள்ள அபாயப் பகுதியா, பாரம்பரியப் பகுதியா, காட்டுத்தீ எல்லைக்குள் வருகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். சிட்னி வாட்டரின் கழிவுநீர் வரைபடம், நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சர்வே, இந்த இரண்டையும் நீங்களே எடுத்துவிட்டால் நல்லது. மூன்று பில்டர்களுக்கும் ஒரே தகவலைக் கொடுத்து விலை கேட்க முடியும்.

வங்கியிடமும் பேசிவிடுங்கள். அடமானத்தில் இருக்கும் வீட்டை அவர்கள் சம்மதம் இல்லாமல் இடிக்க முடியாது.

உரிமத்தை எப்படிச் சரிபார்ப்பது? கார்டு காட்டினால் போதாதா?

போதாது. கூலியும் பொருளும் ஜிஎஸ்டியும் சேர்த்து 5,000 டாலருக்கு மேல் போகும் வீட்டு வேலைக்கு இங்கே உரிமம் கட்டாயம். மாநில அரசின் இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டால் அது இப்போது நடப்பில் இருக்கிறதா, என்ன நிபந்தனைகள், ஏதாவது நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறதா என்று வரும். காசு செலவில்லை.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. விளம்பரப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், ஒப்பந்தத்தில் வேறு கம்பெனிப் பெயர் இருக்கும், உரிமம் மூன்றாவது பெயரில் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கம்பெனியின் பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பேனாவைக் கீழே வையுங்கள்.

பில்டர் நடுவில் நொடித்துப்போனால்?

எல்லோருக்கும் அடிவயிற்றில் இருக்கும் பயம் இதுதான். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2023 மார்ச் கடைசியில் போர்ட்டர் டேவிஸ் என்ற பெரிய நிறுவனம் நொடித்தபோது விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் சுமார் 1,700 வீடுகளின் வேலை நின்றது. விக்டோரியாவில் முன்பணம் கொடுத்திருந்த பல குடும்பங்களுக்குச் சட்டப்படி எடுத்திருக்க வேண்டிய காப்பீடே எடுக்கப்படவில்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. சின்ன பில்டர்தான் ஆபத்து, பெரிய பெயர் என்றால் பயமில்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

நம் மாநிலத்தில் 20,000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு, ஒரு டாலர் கைமாறுவதற்கு முன்பே உங்கள் முகவரிக்கென்று வீட்டுக் கட்டுமானக் காப்பீட்டை பில்டர் எடுத்து, சான்றிதழை உங்களிடம் தர வேண்டும். 'எச்பிசிஎஃப்' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஐகேர் என்ற அரசு அமைப்பு இதைத் தருகிறது. பில்டர் இறந்துவிட்டால், காணாமல் போய்விட்டால், நொடித்துவிட்டால் இது கைகொடுக்கும். அதிகபட்சம் 340,000 டாலர். வேலை பாதியில் நின்ற இழப்புக்கு ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம் வரைதான். முழுப் பணமும் திரும்பி வரும் என்று நினைத்துவிடாதீர்கள், ஆனால் இது இல்லாமல் தொடங்கவே கூடாது.

சான்றிதழ் தருவதற்கு முன் பில்டரின் பண நிலைமையை ஐகேர் ஆராய்ந்து, ஒரே நேரத்தில் எவ்வளவு வேலை எடுக்கலாம் என்று வரம்பு வைக்கிறது. அதனால் "சான்றிதழ் வந்துகொண்டே இருக்கிறது, முன்பணத்தை மட்டும் போடுங்கள்" என்று வாரக்கணக்கில் இழுத்தடித்தால் கவலைப்பட வேண்டிய இடம் அது. கையில் தந்த காகிதத்தையும் அப்படியே நம்பாமல் 'எச்பிசி செக்' இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. மீதி எல்லாம் கட்டம் கட்டமாக: ஸ்லாப், ஃப்ரேம் (சுவர், கூரைக்கான சட்டம்), கதவு ஜன்னல் வைத்துப் பூட்டும் நிலை, உள்வேலை, கடைசி. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். முன் கட்டங்களிலேயே பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு கடைசிக்குச் சொற்பம் மிச்சம் வைக்கும் அட்டவணை என்றால் பேசி மாற்றச் சொல்லுங்கள்.

மூன்று பேரிடம் விலை வாங்கினேன். ஒருவர் மிகக் குறைவாகச் சொல்கிறார். எப்படி ஒப்பிடுவது?

எங்கள் கதையைச் சொல்கிறேன். முதலில் வந்த பில்டர் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார். மற்ற இருவரையும்விட அறுபதாயிரம் டாலர் குறைவு. இரவெல்லாம் நானும் கணவரும் சந்தோஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். மண், அஸ்திவாரம், குழாய் என்று மனையைப் பொறுத்து வரும் செலவுக்கான 'சைட் காஸ்ட்' என்ற வரியில் 25,000 என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'புரொவிஷனல் சம்' என்று போட்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாது. மண் பரிசோதனை முடிந்து எச்2 என்று வந்ததும், குழாய்க்கு மேல் கான்கிரீட் போட வேண்டும் என்று தெரிந்ததும் அதே வரி 70,000-க்கு மேல் போனது. மற்ற இருவரும் அந்தச் செலவை முதலிலேயே ஊகித்துச் சேர்த்திருந்தார்கள். நாங்கள் அன்றைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கவில்லை, அதனால் தப்பித்தோம். அந்த வாரம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

எனவே விலைத்தாளில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். 'புரொவிஷனல் சம்' என்றால் வேலையின் அளவே இன்னும் தெரியாது, ஒரு தோராயத் தொகை வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். 'பிரைம் காஸ்ட்' என்றால் டைல், குழாய், அடுப்பு போன்ற ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் விலையுள்ளதைத் தேர்ந்தெடுத்தால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்று அர்த்தம். இரண்டும் கெட்டவை இல்லை. ஆனால் ஒருவர் எத்தனை வரிகளில் இப்படி எழுதியிருக்கிறார், அந்தத் தொகை நடைமுறைக்கு ஒத்து வருமா என்பதில்தான் உண்மை விலை இருக்கிறது. டைலுக்குச் சதுர மீட்டருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார் என்று குறித்துக்கொண்டு ஒரு டைல் கடைக்குப் போய்ப் பாருங்கள், புரிந்துவிடும்.

அடுத்தது, எதெல்லாம் விலையில் இல்லை என்று கேளுங்கள். டிரைவ்வே, வேலி, தாங்குசுவர், ஏசி, ஜன்னல் திரை, தோட்டம், துணி காயப்போடும் கொடி, கடிதப்பெட்டி. இடிப்புச் செலவு உள்ளேயா வெளியேயா? மழைநீரைத் தெருவுக்குக் கொண்டுபோகும் வேலை? கூரை உயரம் 2.4 மீட்டரா 2.7 மீட்டரா? ஒரு தாளில் கட்டம் போட்டு மூன்று பேருடைய பதிலையும் எழுதினால், குறைவாகத் தெரிந்த விலை பல நேரம் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

மண் பரிசோதனையும் சர்வேயும் முடிந்த பிறகு சைட் காஸ்ட்டை நிலையான தொகையாக எழுதித் தருவீர்களா என்று கேட்டபோது, "தருகிறேன்" என்று சொன்னவரைத்தான் நாங்கள் கடைசியில் எடுத்தோம். அவர் விலை மூன்றில் அதிகமானது.

ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு சின்னத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களே?

அது முன்னேற்பாட்டு ஒப்பந்தம். மண் பரிசோதனை, சர்வே, வரைபடம் தயாரிக்க ஒரு தொகை வாங்குவார்கள். நியாயமான நடைமுறைதான். ஆனால் பிடிக்காமல் விலகினால் பணம் திரும்ப வருமா, வரைபடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டுவிடுங்கள். பில்டர் வரைந்த படத்தின் உரிமை பொதுவாக அவருக்கே. அதை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் போய்க் கட்ட முடியாது. அந்தச் சுதந்திரம் வேண்டுமென்றால் தனி வரைவாளரிடம் நீங்களே காசு கொடுத்து வரைந்துகொள்ளுங்கள்.

பெரிய கம்பெனியா, சின்ன பில்டரா?

உங்கள் மனை சதுரமாக, மட்டமாக இருந்து, அவர்கள் வைத்திருக்கும் வரைபடம் ஒன்று ஏறக்குறைய அப்படியே பொருந்தினால் பெரிய கம்பெனி மலிவாக முடியும். மனை சரிவு, குறுகலான முகப்பு, வாஸ்து பார்த்து மாற்றங்கள், தரைத்தளத்தில் பெற்றோருக்குக் குளியலறையோடு ஓர் அறை என்று தேவைகள் கூடக்கூடச் சின்ன பில்டர் பக்கம் சாயுங்கள். பெரிய இடத்தில் ஒரு சுவரை நகர்த்துவதற்குக்கூடக் கட்டணம் உண்டு. டிஸ்ப்ளே வீட்டில் பார்ப்பதில் பாதி 'அப்கிரேட்', அதாவது கூடுதல் காசுக்குக் கிடைப்பது என்பதையும் மறக்க வேண்டாம். அங்கேயே நின்று எது அடிப்படை விலையில் வருகிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

தெரிந்தவர், நம்ம ஆள். காகிதம் எல்லாம் கேட்டால் மனம் புண்படாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும், ஏனென்றால் இப்படித் தொடங்கி உறவே முறிந்த இரண்டு குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நம்மவர்களில் அருமையான பில்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுங்கள், ஆனால் மற்றவரிடம் கேட்கும் அத்தனை காகிதத்தையும் கேளுங்கள். நல்ல பில்டர் நீங்கள் கேட்கும் முன்பே தந்துவிடுவார். "அண்ணே, வங்கியில் கேட்கிறார்கள்" என்று சொன்னாலே போதும். அது பொய்யும் இல்லை. ஒப்பந்தமும் காப்பீட்டுச் சான்றிதழும் பார்க்காமல் வங்கி பணம் விடாது.

"ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்" என்பதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எழுத்தில் இல்லாத பணத்துக்குப் பின்னால் எந்தக் காப்பீடும் நிற்காது.

வீட்டை இடிப்பதை பில்டரிடமே விடலாமா?

இரண்டும் செய்கிறார்கள். நாமே தனியாக ஆள் பிடித்தால் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் மனையைச் சுத்தமாக ஒப்படைக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். ஒரு மரவேர் மிச்சமிருந்தாலும் பில்டர் அதைத் தனிக் கணக்காக எழுதுவார்.

ஃபைப்ரோ வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் ஆபத்தான கல்நார்) இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா முழுவதும் அது தடைசெய்யப்பட்டது 2003 டிசம்பர் 31-இல்தான். சுவரில், ஈவ்ஸில் (கூரை விளிம்பின் அடிப்பகுதி), பழைய குளியலறையில், தரை விரிப்புக்கு அடியில் இருக்கலாம். உடையாமல் இறுகிய நிலையில் 10 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அகற்றுபவருக்கு உரிமம் தேவை. வேலை முடிந்ததும் இடம் சுத்தம் என்று சான்றிதழ் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். தூசி எல்லை பார்க்காது.

கேஸ், மின்சாரம், இணைய இணைப்புகளைத் துண்டிக்க வாரக்கணக்கில் ஆகும். தேதியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

டிஏ, சிடிசி என்கிறார்களே, எது நல்லது?

இரண்டும் கட்ட அனுமதி வாங்கும் வழிகள். மாநிலம் வகுத்திருக்கும் விதிகளுக்குள் அடங்கும் வீடு என்றால் சிடிசி. வரைபடத்தையும் வேலையையும் சரிபார்த்துச் சான்று தரும் தனியார் சர்டிஃபயரே அனுமதி தரலாம், வேகமாக முடியும். அடங்காவிட்டால் கவுன்சிலில் டிஏ, அதற்கு மாதங்கள் ஆகும். பில்டர் உங்கள் கவுன்சிலில் எத்தனை முறை டிஏ வாங்கியிருக்கிறார் என்று கேளுங்கள்.

சர்டிஃபயர் வந்து பார்ப்பாரே, தனியாக இன்ஸ்பெக்டர் எதற்கு?

சர்டிஃபயர் அஸ்திவாரக் குழி, கம்பி கட்டியது, ஃப்ரேம், குளியலறை நீர்த்தடுப்பு என்று குறிப்பிட்ட கட்டங்களில் வந்து, அனுமதித்த வரைபடத்தின்படியும் கட்டட விதிப்படியும் இருக்கிறதா என்று பார்ப்பார். சுவர் பூச்சு நேராக இருக்கிறதா, டைல் தட்டினால் வெற்று ஓசை வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அதற்குத்தான் நம் சார்பில் ஒருவர் வேண்டும். கான்கிரீட் ஊற்றும் முன், ஃப்ரேம் மூடும் முன், நீர்த்தடுப்பு மேல் டைல் ஒட்டும் முன், கடைசியில் என்று நான்கு முறை வரவழைத்தோம். எங்களுக்கு மேல்மாடிக் குளியலறையில் நீர்த்தடுப்பு ஒரு மூலையில் சரியாக ஏறவில்லை என்று அவர்தான் கண்டுபிடித்தார், பில்டரும் மறுப்புச் சொல்லாமல் மறுபடி அடித்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டரை வரவேற்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, சர்டிஃபயரை நியமிக்கும் உரிமை வீட்டுக்காரராகிய உங்களுடையது. பில்டர் பெயர் பரிந்துரைக்கலாம், நியமிப்பது நீங்கள்தான்.

பூஜை அறை, சமையல் இதையெல்லாம் எப்போது சொல்வது?

வரைபடம் முடிவாகும் முன். ஸ்லாப் ஊற்றிய பிறகு ஒரு குழாயை நகர்த்துவது என்றால் கான்கிரீட்டை வெட்ட வேண்டும். நம் சமையலுக்குப் புகைபோக்கி கட்டாயம் வெளியே காற்றை விட வேண்டும். வெறுமனே சுழற்றி அறைக்குள்ளேயே விடும் வகையைப் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாவது சமையலறையில் தண்ணீர், ஜன்னல், அடுப்பு மூன்றும் வரைபடத்தில் இருக்கட்டும். பூஜை அறையில் விளக்கேற்றுவோம், புகை உணரும் கருவி எங்கே வருகிறது என்று பாருங்கள். இதையெல்லாம் சொல்லும்போது பொறுமையாகக் கேட்டுக் குறிப்பெடுக்கும் பில்டரோடு ஒரு வருடம் ஓட்டுவது சுலபம்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை?

எத்தனை நாளில் முடிப்பார், எதற்கெல்லாம் நாள் கூட்டுவார் என்பது. தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு இழப்பீடு என்ற இடத்தில் சிலர் ஒரு டாலர் என்று போட்டு வைப்பார்கள். நீங்கள் கொடுக்கும் வாடகையைக் கணக்கிட்டு அதைப் போடச் சொல்லுங்கள். எந்த மாற்றமும் விலையோடு எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே நடக்க வேண்டும், வாய்ச்சொல் கூடாது. கையெழுத்திட்ட பிறகும் ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு, அதற்குள் விலகலாம். ஆனால் அதற்கு முன்பே கட்டட ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கட்டி முடித்த பிறகு விரிசல் வந்தால்?

பெரிய குறைபாட்டுக்கு 6 வருடம், மற்றவற்றுக்கு 2 வருடம் சட்டப்படி உத்தரவாதம். முதலில் பில்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், படம் எடுத்து வையுங்கள். சரி செய்யாவிட்டால் மாநில அரசின் பில்டிங் கமிஷனில் புகார், அதற்கப்புறம் என்கேட் என்ற மாநிலத் தீர்ப்பாயம். 500,000 டாலர் வரையான கட்டட வழக்குகளை அங்கே விசாரிப்பார்கள்.

சாவி வாங்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

இன்ஸ்பெக்டரோடு ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து, எல்லா ஜன்னலையும் மூடிப் பாருங்கள். குறைகளைப் பட்டியலிட்டு பில்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். குடியேறலாம் என்று அனுமதிக்கும் ஆக்குபேஷன் சர்டிஃபிகேட் கையில் வந்த பிறகுதான் கடைசித் தவணை என்று முன்பே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அன்றைக்கு வாக்குவாதம் வராது. ஆஸ்பெஸ்டாஸ் சான்றிதழ், காப்பீட்டுச் சான்றிதழ், நீர்த்தடுப்புச் சான்றிதழ், பொறியாளர் வரைபடம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். எங்கள் கோப்பு பூஜை அறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.